ஷாம்பூ பாட்டிலின் பின்பக்கம்: போர் தண்ணீரும் எண்ணெய்த் தலையும் சொல்லிக்கொடுத்தவை

சென்னையில் மேடவாக்கம் பக்கம் குடிவந்த பிறகுதான் ஷாம்பூ பாட்டிலைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது. இங்கே போர் தண்ணீர். பாத்ரூம் குழாயின் முனையில் வெள்ளையாகப் படிந்திருப்பதை நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். பழைய வீட்டில் நன்றாக ஒத்துப்போன அதே ஷாம்பூவைப் போட்டும், முடி காய்ந்ததும் துடைப்பம் மாதிரி நின்றது. முடி உதிர்வதைவிட, சீப்பு பாதியில் மாட்டிக்கொள்வதுதான் பெரிய தொல்லையாக இருந்தது.

என் தலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லேசான சுருள், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரை நீளம், நடுத்தர அடர்த்தி, சாயம் போட்டதில்லை. வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் வைத்துத்தான் தலைக்குக் குளிப்பேன். இது தெரியாமல் யாருடைய ஷாம்பூ விமர்சனத்தைப் படித்தும் பிரயோஜனம் இல்லை. ஒரே பொருள் ஒரு தலைக்கு அமிர்தம், இன்னொரு தலைக்குப் பிசுக்கு. எந்த பிராண்டையும் இங்கே சிபாரிசு செய்யப் போவதில்லை. பெயர் மாறாமலேயே உள்ளே இருக்கும் சரக்கை மாற்றிவிடுகிறார்கள்.

பின்பக்கப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். 1 சதவீதத்துக்கு மேல் சேர்த்தவை இறங்கு வரிசையில் இருக்கும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை இஷ்டப்படி முன்பின்னாகப் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பாட்டிலில் இருக்காது. நான் தேடும் அடையாளம் ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பெயர். ஷாம்பூ கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. ஐரோப்பிய விதிப்படி அதன் உச்சவரம்பே 1 சதவீதம். எனவே அதற்குப் பிறகு வருகிற எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை.

இது பிடிபட்டதும் பாட்டிலின் முன்பக்கம் வேடிக்கையாகிவிடும். பெரிய வெங்காயம் ஒன்றைப் படமாகப் போட்டிருந்த பாட்டிலைக் கடையில் எடுத்து, போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெங்காய விதைச் சாறு வாசனைக்கும் பின்னால், வால் பகுதியில் இருந்தது. 2002ல் வந்த ஓர் ஆய்வைத்தான் இதற்கெல்லாம் ஆதாரமாகச் சொல்வார்கள். அதில் புழுவெட்டு உள்ளவர்களுக்குப் பச்சை வெங்காயச் சாற்றைத் தினம் இரண்டு வேளை தடவினார்கள், பலருக்கு முடி முளைத்தது. அது புழுவெட்டு, அது பச்சைச் சாறு. இரண்டு நிமிடத்தில் அலசிக் கொட்டுகிற ஷாம்பூவுக்கு அதில் என்ன வேலை? பயோட்டின் என்ற வைட்டமின் சேர்த்த ஷாம்பூவின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

சரி, உருப்படியான பகுதிக்கு வருவோம். இப்போது என் பாத்ரூமில் இருப்பது மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண ஷாம்பூ. பட்டியல் இப்படிப் போகிறது: தண்ணீர், சோடியம் லாரெத் சல்ஃபேட், கோகமிடோபுரோப்பைல் பீட்டைன், சோடியம் குளோரைடு, டைமெத்திகோனால், கிளைக்கால் டைஸ்டியரேட், வாசனை, குவார் ஹைட்ராக்ஸிபுரோப்பைல்ட்ரைமோனியம் குளோரைடு, கார்போமர், டைசோடியம் இடிடிஏ, சிட்ரிக் ஆசிட், கடைசியில் நிறமிகள்.

அழுக்கெடுக்கிற வேலை முழுக்க இரண்டாவது, மூன்றாவது பெயர்களுடையது. சோடியம் லாரெத் சல்ஃபேட்டையும் சோடியம் லாரில் சல்ஃபேட்டையும் ஒன்று என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. லாரில் கொஞ்சம் முரடு. தோல் எரிச்சலைப் பற்றிய சோதனைகளில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கவே அதைப் பயன்படுத்துவார்கள். லாரெத் அதையே சற்று மாற்றி மென்மையாக்கிய வகை. கூடவே பீட்டைன் இருந்தால் எரிச்சல் இன்னும் குறையும், நுரையும் மெத்தென்று நிற்கும். அந்தப் பெயரில் உள்ள 'கோக' தேங்காய் எண்ணெயிலிருந்து வந்தது. சோடியம் குளோரைடு நம் சமையல் உப்புதான். ஷாம்பூ கெட்டியாக இருப்பது பெரும்பாலும் அதன் கைங்கரியம். 'கெட்டியா இருக்கு, நல்ல சரக்கு' என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொள்வேன். முத்துப்போல் மினுமினுப்பது கிளைக்கால் டைஸ்டியரேட்டால். பார்க்க அழகு, தலைக்கு ஒன்றுமில்லை. அந்த நீளமான குவார் பெயர் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பசையை மாற்றியமைத்தது. அலசும்போது அது முடியில் ஒட்டிக்கொண்டு, பட்டியலில் உள்ள டைமெத்திகோனால் என்ற சிலிக்கோனையும் இழுத்து உட்கார வைக்கும்.

நடுவில் சல்ஃபேட் இல்லாத ஷாம்பூக்களும் கொஞ்ச காலம் ஓடின. விலை இரண்டு மடங்குக்கு மேல். எண்ணெய் வைக்காத நாளில் அருமையாக இருந்தன, அதை மறுக்க மாட்டேன். எண்ணெய் வைத்த நாளில் ஒரு தடவை போட்டு அலசினால் உச்சந்தலையில் பிசுக்கு அப்படியே இருக்கும். இரண்டாவது தடவையும் போதாமல் மூன்றாவதுக்குக் கை போகும். அப்போதுதான் ஒன்று உறைத்தது. சல்ஃபேட்டைத் தொடாதே என்று இணையத்தில் சொல்கிறவர்களில் பலர் தலைக்கு எண்ணெயே வைக்காதவர்கள், அல்லது சாயம் போட்ட முடி வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு அது சரியான யோசனை. மூன்று தடவை தேய்ப்பதற்கு, பீட்டைன் சேர்ந்த லாரெத்தை ஒரு தடவை போட்டு முடிப்பதுதான் எனக்கு ஒத்துவந்தது. இன்னொன்று: 'சல்ஃபேட் இல்லை' என்று முன்பக்கம் போட்டுவிட்டு, உள்ளே சோடியம் சி14-16 ஒலிஃபின் சல்ஃபோனேட் வைத்திருப்பார்கள். பெயரளவில் அது சல்ஃபேட் இல்லைதான். எண்ணெயை எடுப்பதில் சல்ஃபேட்டுக்குச் சளைத்ததும் இல்லை.

அம்மா இன்றைக்கும் சீயக்காய்தான். சீயக்காய்க் கரைசலில் கொஞ்சம் புளிப்புத்தன்மை உண்டு, அதனால் சோப்பு போடுவதுபோல் முடி விறைக்காது. நுரைப்பது அதில் இருக்கும் சபோனின். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சின்ன வயதில் அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் சுருள் முடியில் பொடி சிக்கிக்கொண்டு மறுநாள் வரை உதிரும், அதனால் விட்டுவிட்டேன்.

எண்ணெய் விஷயத்தில் தேங்காய் எண்ணெய்க்கு உண்மையான தகுதி இருக்கிறது. 2003ல் வந்த ஒரு பிரபல ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டது. முடியிலிருந்து புரதம் கழிவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தினர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் காரணம் புரியும்படி இருக்கிறது: அதில் உள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சின்னது, நேரானது, முடிக்குள் நுழைய முடியும். குளிப்பதற்கு முன் வைத்தால்தான் இந்தப் பலன் எனக்குத் தெரிந்தது. குளித்த பிறகு தடவினால் தலையணை உறைக்குத்தான் லாபம்.

தண்ணீருக்கு வருகிறேன். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு வழியில்லை என்றால் 600 வரை. கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் முடியின் மேல் படிந்து சொரசொரப்பாக்கும். பட்டியலில் இடிடிஏ என்று முடியும் பெயர் எதற்கு என்றால், இந்த உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான். ஆனால் சாதாரண ஷாம்பூவில் அது துளியளவு. முக்கியமாக ஷாம்பூ கெடாமல் இருப்பதற்குத் துணை. ஒரு வாளி போர் தண்ணீரைச் சமாளிக்க அதனால் ஆகாது. கடின நீருக்கென்றே வரும், பட்டியலில் இடிடிஏ சற்று முன்னால் வருகிற ஷாம்பூவை எப்போதாவது ஒருமுறை போட்டால் வித்தியாசம் தெரிகிறது. அதைவிட மலிவான வழி, கடைசி இரண்டு சொம்பு மட்டும் மெட்ரோ தண்ணீரிலோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரிலோ அலசுவது. வருடக்கணக்காக இதைத்தான் செய்கிறேன்.

என் கணக்கில் செலவழிக்க வேண்டிய இடம் கண்டிஷனர். ஷாம்பூ எவ்வளவு மலிவாக இருந்தாலும் சமாளிக்கலாம், கண்டிஷனரில் கஞ்சத்தனம் கூடாது.

அதில் தண்ணீருக்கு அடுத்த பெயர் பெரும்பாலும் சீட்டரைல் ஆல்கஹால். ஆல்கஹால் என்றதும் முடி காய்ந்துவிடும் என்று பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். இது கொழுப்பு வகை ஆல்கஹால், பார்க்க வெள்ளை மெழுகு வில்லைகளாக இருக்கும். கண்டிஷனர் வெண்ணெய்ப் பதத்தில் நிற்பதே இதனால்தான். ஈரம் காக்கும், வறட்டாது. ஸ்ப்ரே, ஜெல் வகைகளில் வரும் ஆல்கஹால் டீநாட்தான் ஆவியாகி உலர்த்துகிற ரகம்.

அடுத்ததுதான் உயிர்நாடி: பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரைமோனியம் குளோரைடு, ஸ்டியரமிடோபுரோப்பைல் டைமெத்திலமைன் இந்த மூன்றில் ஒன்று. அடிபட்ட முடியின் மேல்பரப்பில் எதிர்மின்னூட்டம் அதிகம். இவை நேர்மின்னூட்டம் கொண்டவை. அதனால் எங்கே முடி அதிகம் அடிபட்டிருக்கிறதோ அங்கே போய் அதிகமாக ஒட்டும். நுனிகளுக்கு மட்டும் போடச் சொல்வதற்கும் இதுதான் காரணம். வேரோரம் முடி புதுசு, அதற்கு இது தேவைப்படாது. மூன்றில் பெஹென்ட்ரைமோனியம் என் நீளமான முடிக்குச் சிக்கெடுப்பதில் நன்றாக வேலை செய்தது. செட்ரைமோனியம் இலகுவானது, மெல்லிய முடிக்காரர்கள் அதைத் தேடலாம். பெஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்ஃபேட் என்று பார்த்து அலற வேண்டாம், அது அழுக்கெடுக்கும் சல்ஃபேட் கிடையாது.

சிலிக்கோனைத் திட்டுவதும் ஒரு மோஸ்தர். டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் முடியின் மேல் மெல்லிய படலமாக உட்கார்ந்து உராய்வைக் குறைக்கிறது. பெரிய பற்கள் கொண்ட சீப்பு, நுனியிலிருந்து மேல்நோக்கி, ஈர முடி: டைமெத்திகோன் இருந்த நாளில் சீப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும், இல்லாத நாளில் காதோரத்திலேயே நிற்கும். தண்ணீரில் கரையாது என்பது உண்மை, ஆனால் லாரெத் ஷாம்பூ அதை எடுத்துவிடும். மென்மையான ஷாம்பூவையும் கனமான சிலிக்கோனையும் மாதக்கணக்கில் சேர்த்துப் போட்டபோதுதான் முடி தொய்ந்து உயிரில்லாமல் கிடந்தது. இப்போது அமோடைமெத்திகோன் என்ற சிலிக்கோன் வகை உள்ளதைத் தேடி வாங்குகிறேன். அது அடிபட்ட இடத்தில் ஒட்டும், ஏற்கெனவே ஒட்டிய இடத்தில் மேலும் மேலும் ஏறுவது குறைவு.

ஷாம்பூ கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பாராபெனைப் பற்றிக் கேட்கிறார்கள். பயம் பரவியது 2004ல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வினால். 20 மார்பகக் கட்டிகளின் மாதிரிகளில் பாராபென் இருப்பதைக் கண்டார்கள். அதுதான் கட்டிக்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. நான் அதைத் தவிர்ப்பதும் இல்லை, தேடுவதும் இல்லை. நான் கவனமாகப் பார்ப்பது அதற்குப் பதிலாக வந்த ஒன்றை: மெத்தில்ஐசோதயசோலினோன். என் தங்கைக்குக் கழுத்தின் பின்பக்கமும் கண் இமையும் சிவந்து செதிலெழும்பி, மாதக்கணக்கில் களிம்பு தடவியும் அடங்கவில்லை. தோல் மருத்துவர் முதுகில் பட்டை ஒட்டிச் சோதித்தபோது இந்தப் பெயர்தான் வந்தது. 2013ல் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் இதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. தடவி விட்டுவிடும் கிரீம்களில் ஐரோப்பாவில் இதற்குத் தடை, அலசிவிடும் ஷாம்பூவில் 0.0015 சதவீதம் வரை அனுமதி. எல்லோருக்கும் ஒன்றும் செய்யாது. கழுத்து, காது, நெற்றி ஓரம் காரணமில்லாமல் அரித்தால் இந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள், அப்புறம் மருத்துவரிடம் பாட்டிலையே எடுத்துக்கொண்டு போங்கள். சாஷே என்றால் சிக்கல். சின்னப் பொதிகளில் சேர்மானப் பட்டியல் கட்டாயமில்லை.

பொடுகுக்கு மட்டும் என் எண்ணெய்ப் பாசத்தை ஓரம் கட்டிவிடுவேன். பொடுகுக்குப் பின்னால் இருக்கும் மலசீசியா என்ற ஈஸ்டுக்கு எண்ணெய்தான் சாப்பாடு. இரவெல்லாம் எண்ணெய் ஊறவைப்பது அதற்கு விருந்து. லேசான பொடுகுக்கு பிரோக்டோன் ஓலமைன் சேர்த்த ஷாம்பூ போதுமாக இருந்தது. ஜிங்க் பைரிதியோனும் கேட்கும். ஐரோப்பாவில் 2022லிருந்து அழகுசாதனங்களில் அது தடைசெய்யப்பட்டிருக்கிறது, நம் கடைகளில் கிடைக்கிறது. மழைக்காலத்தில் பொடுகு முற்றும்போது மருத்துவர் சொன்ன 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூதான். வாரம் இரண்டு முறை, நுரைத்து மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டு 'மருந்து ஷாம்பூவும் கேட்கல' என்பவர்கள்தான் அதிகம். முடி அதில் கரடுமுரடாகும். நுனிக்குக் கண்டிஷனர் போட்டுக்கொள்ளலாம், தலைத்தோலில் படாமல் பார்த்துக்கொண்டால் சரி.