ராத்திரி கேபின் கதவைத் திறக்காமல் இருக்க: ஒரு பெல்ட், ஒரு வாளி

கிளீனர் இல்லாமல் தனியாக லாரி ஓட்டும் பெண்ணுக்கு ராத்திரி ஹால்ட்டில் கதவு இரண்டு விதமாகத் திறக்கும். வெளியிலிருந்து யாராவது திறப்பார்கள். இல்லை, சிறுநீர் கழிக்க அவளே திறந்து இறங்குவாள். பத்து மணிக்குச் சாத்திய கதவை விடியும்வரை திறக்காமல் இருக்க முடிந்தால் பாதிக் கவலை போய்விடும். சந்தையில் 'பெண்கள் பாதுகாப்பு' என்று விற்கும் பொருட்களை இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் இங்கே மதிப்பிட்டிருக்கிறோம். தேறியவை இரண்டே.

முதலாவது, 25 மி.மீ. அகல லோடு கட்டும் பெல்ட். கேபினின் இரண்டு கதவுகளையும் உள்ளே ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிட்டால், பூட்டு திறந்தாலும் கதவு திறக்காது. பழைய லாரிகளில் சாவித்துளை தேய்ந்து வேறு வண்டிச் சாவிக்கும் திறந்துகொள்வது ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் கம்பெனிப் பூட்டை மட்டும் நம்பித் தூங்க வேண்டாம்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். கொக்கி வைத்த பெல்ட் வேண்டாம். கொஞ்சம் தளர்ந்தாலும் கைப்பிடியிலிருந்து கொக்கி நழுவிவிடும். கொக்கி இல்லாமல் வளையமாகப் போடும் வகையைக் கேளுங்கள். நீளம் 5 மீட்டர் இருக்க வேண்டும். பெரிய லாரியின் கேபின் உள்ளே 2 மீட்டருக்கு மேல் அகலம் உண்டு, வளையமாகச் சுற்றினால் அதைப்போல் இரண்டு மடங்கு நீளம் போய்விடும். 2.5 மீட்டர் பெல்ட் வாங்கிவிட்டுப் போதவில்லை என்று திரும்ப வருபவர்கள் அதிகம். மூன்றாவது, பாலியஸ்டர் நாடாவா என்று பாருங்கள். நைலான் நனைந்தால் இளகி நீளும்.

பெல்ட்டை இறுக்கும் பக்கிள் இரண்டு வகை: கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ராட்செட், கையால் இழுத்த நாடாவைப் பல்லால் கடித்துப் பிடிக்கும் கேம் பக்கிள். எங்கள் தேர்வு கேம் பக்கிள்தான். ராட்செட்டை இறுக்கிவிட்டால் திறக்க இரண்டு கையும் வேண்டும்: உள்ளே இருக்கும் பிடியை இழுத்துப் பிடித்தபடி, கைப்பிடியை 180 டிகிரிக்கு மடக்க வேண்டும். அரைத் தூக்கத்தில், இருட்டில், புகை வாசனை வரும்போது அது நடக்காது. கேம் பக்கிளில் கட்டைவிரலால் ஒரு அழுத்து, பெல்ட் விடுபடும். கையால் இழுத்த இறுக்கம் மட்டும்தான் கிடைக்கும் என்றாலும் கதவுக்கு அது போதும். ராட்செட்டே கைவசம் இருந்தால் கையால் இழுத்த பிறகு இரண்டு 'கிளிக்', அதற்கு மேல் வேண்டாம்.

மாட்டும் இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். ஏறும்போது பிடித்துக்கொள்கிற பெரிய கம்பி கதவில் இல்லை, கேபின் தூணில் இருக்கிறது. அதில் கட்டினால் பெல்ட் இரும்பு மாதிரி நிற்கும், கதவு தாராளமாகத் திறக்கும். கதவை இழுத்துச் சாத்தும் கைப்பிடிக்குள்தான் பெல்ட் நுழைய வேண்டும். அந்தக் கைப்பிடி பிளாஸ்டிக்காக, தகரத்தில் இரண்டு ஸ்க்ரூ மட்டும் பிடித்ததாக இருந்தால் ஒரே இழுப்பில் பெயர்ந்து வரும். அப்போது சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ பாடி கட்டும் பட்டறையில் கதவின் உள்தகட்டில் 8 மி.மீ. ஐ-போல்ட் (தலையில் வளையம் வைத்த போல்ட்) ஒன்று போட்டு, பின்னால் அகலமான வாஷர் வைத்து முடுக்கித் தரச் சொல்லுங்கள். கண்ணாடி இறங்கும் பாதையில் போல்ட் முனை இடிக்காதபடி, முதலில் கண்ணாடியை முழுக்க இறக்கிப் பார்த்துவிட்டுத் துளை போட வேண்டும். பட்டறையில் கட்டிய மரக் கேபின் என்றால் கைப்பிடியே போல்ட் போட்ட இரும்பாக இருக்கும். தாழ்ப்பாளும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

கட்டும்போது பெல்ட் ஸ்டீயரிங்குக்குப் பின்னால், சீட்டுக்கு மேலாகப் போகட்டும். பக்கிள் இரண்டு சீட்டுக்கும் நடுவில், பெர்த்தில் படுத்தபடி கை எட்டும் இடத்தில் வர வேண்டும். கட்டி முடித்ததும் உள்ளிருந்து ஒரு கதவின் லாக்கை எடுத்துவிட்டுத் தோளால் தள்ளிப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி விழுந்தால் இன்னும் இறுக்க வேண்டும். முதல் நாள் இரவே விளக்கை அணைத்து, கண்ணை மூடிப் பத்துத் தடவை அவிழ்த்துப் பழகுங்கள். பக்கத்தில் ஒரு கத்தி கட்டாயம். காலையில் இன்ஜினைப் போடுவதற்கு முன்னால் பெல்ட் கழன்றிருக்க வேண்டும். கட்டியபடி ஒரு அடிகூட ஓட்டக் கூடாது, விபத்தில் யாராலும் வெளியே எடுக்க முடியாது.

கேம் பக்கிளின் பல்லில் எண்ணெய் படவே கூடாது, நாடா வழுக்கிவிடும். ஒரே இடத்தில் பல் கடித்துக் கடித்து நாடா பஞ்சு விட ஆரம்பித்தால் மாற்ற வேண்டியதுதான். முன்கண்ணாடிக்குக் கீழே போட்டு வைக்காதீர்கள், வெயிலில் நாடா உளுத்துவிடும். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தார்ப்பாய், கயிறு விற்கும் கடைகளில் பெல்ட்டைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, கேபினுக்குள் கழிப்பறை. மடக்கு ஸ்டூல் மாதிரி வரும் கழிப்பறையைத்தான் ஆன்லைனில் முதலில் காட்டும். அடுக்கடுக்காக மேலே இழுத்துத் திருகும் வகை லாரிக்குச் சரிவராது. வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலோ, தரையில் வரிவரியான ரப்பர் மேட் இருந்தாலோ ஒரு பக்கம் பூட்டாமல் உட்கார்ந்ததும் இறங்கிவிடும். எவ்வளவு கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பது சமதரைக்குத்தான். அதைவிட 20 லிட்டர் காலி பெயின்ட் வாளி எவ்வளவோ மேல். அசையாது, மூடி காற்றுப் புகாமல் மூடும். விளிம்பு தொடையை அறுக்காமல் இருக்க, ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்மேல் போடும் கறுப்பு நுரைக்குழாயை 1 மீட்டர் வாங்கி, நீளவாக்கில் கீறி விளிம்பில் மாட்டுங்கள். மூடும்போது கழற்றிவிடலாம்.

வாளிக்குள் போட டயப்பரில் இருக்கும் ஜெல் பொடி பாக்கெட்டாகக் கிடைக்கிறது. ஆனால் நம் பக்கம் தென்னை நார்த்தூள் எங்கும் கிடைக்கும்போது அதற்கு ஏன் செலவு? தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைக் குடித்துக்கொள்ளும், வாடையையும் அடக்கும். ஒரு இரவுக்குப் பெரிய சொம்பு நிறையத் தூள் கீழே, பயன்படுத்திய பிறகு மேலே இரண்டு கை. தூள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இதில்தான் பலருக்குத் தோல்வி. ஈரமாக வாங்கியதைத் தார்ப்பாயில் இரண்டு நாள் உலர்த்தாமல் போட்டால் எதையும் உறிஞ்சாது. சிறுநீர் மட்டும் என்றால் பையே வேண்டாம், காலையில் ஏதாவது தென்னந்தோப்பில் கேட்டுக் குழியில் கொட்டிவிடலாம். மலம் என்றால் இரட்டைப் பை போட்டு முடிச்சிட்டு, குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டும். நார்த்தூளையோ ஜெல்லையோ பங்க் கழிப்பறையில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும், அடுத்து வரும் பெண்ணுக்குத்தான் அது இல்லாமல் போகும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இறங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் ஓட்டுகிறார்கள். சித்திரை வெயிலில், இன்ஜின் சூட்டில், சேலத்திலிருந்து கிருஷ்ணகிரி போவதற்குள் உடம்பு வற்றி, பிறகு நீர்க்கடுப்பு, காய்ச்சல். வாளி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் தண்ணீர் பாட்டில் காலியாகும். அடக்கிக்கொண்டு ஓட்டினால் கவனமும் சிதறும். தருமபுரியிலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு முன்னால், பாளையம் சுங்கச்சாவடிப் பக்கத்திலேயே அதை முடித்துவிட்டு, சின்ன கியரில் இறங்குங்கள். அந்த இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகும்.

ஏற்காட்டுக்கு பிக்கப்பில் லோடு எடுப்பவர்களுக்கு வாளி வைக்கக் கேபினில் இடமில்லை. அவர்களுக்கு சிலிக்கான் புனலும் அகல வாய் பாட்டிலும் சரி. உடம்போடு ஒட்டிப் பிடித்து, நுனியைத் தாழ்த்தி, மெதுவாகப் போக வேண்டும். வேகமாக விட்டால் பின்பக்கம் வழியும். வீட்டுக் குளியலறையில் நாலைந்து முறை பழகாமல் வண்டிக்கு எடுத்து வராதீர்கள். அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு, நடுவில் நிறுத்த வசதியில்லை.

தேறாதவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கதவுக்கடியில் ஆப்பு மாதிரி வைக்கும் அலாரம், உள்பக்கம் திறக்கும் வீட்டுக் கதவுக்குச் செய்தது. லாரிக் கதவு வெளியே திறக்கும், பயனில்லை. அதிர்வு அலாரம் நெடுஞ்சாலையில் டாரஸ் மாதிரி கனரக லாரி போகும்போதெல்லாம் கத்தும், மூன்றாம் நாள் நீங்களே பேட்டரியைக் கழற்றிவிடுவீர்கள். மிளகு ஸ்பிரேயை மூடிய கேபினுக்குள் அடித்தால் முதலில் எரிவது உங்கள் கண். 12 வோல்ட் மின்விசிறியை 24 வோல்ட் லாரியில் மாட்டினால் கருகும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்தால் அந்தப் பேட்டரி சீக்கிரம் போகும். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் போடுங்கள். காற்றுக்குக் கிளீனர் பக்கக் கண்ணாடியை கை நுழையாத அளவுக்கு மட்டும் இறக்கி, கொசுவலைத் துணி செருகினால் போதும். இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்க வேண்டாம், புகை உள்ளே வந்தால் தெரியாமலே உயிர் போகும்.

ராத்திரி யார் தட்டினாலும், போலீஸ் என்று சொன்னாலும், பெல்ட்டை அவிழ்க்காமல் அந்த இடைவெளி வழியாகவே பேசுங்கள். ஆவணங்களைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டலாம். சந்தேகம் இருந்தால் அவர்கள் முன்னாலேயே அவசர உதவி எண் 112-க்கு அடித்து, நிற்கும் இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். வண்டி பழுதாகி தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால், நெடுஞ்சாலை உதவி எண் 1033. இரண்டு எண்ணையும் பெர்த்துக்கு மேலே, டார்ச் வெளிச்சத்தில் படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள்.