டர்பனில் சுகாதாரப் பைகளை எங்கே கொடுக்கலாம்: ஒரு மதிப்பீடு

சோப்பு, பேஸ்ட், பிரஷ், சானிட்டரி பேட் எல்லாம் வாங்கி ஐம்பது பை கட்ட நாலு பேருக்கு ஒரு மாலைப் பொழுது போதும். கட்டியதைச் சரியான கையில் சேர்க்க ஒரு வாரம்கூட ஆகும். கோயில் குழுக்களும் மாதர் சங்கங்களும் இடறுவது இந்த இரண்டாவது வேலையில்தான். பையை முதலில் கட்டிவிட்டு, பிறகு இடம் தேடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தப் பைகளை 'டிக்னிட்டி பேக்' என்றும் 'கம்ஃபர்ட் பேக்' என்றும் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் தெருவில் படுப்பவருக்கான பை வேறு, ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கான பை வேறு. ஆகவே முதலில் இடம், பிறகு பட்டியல், கடைசியில்தான் கடை.

ஓர் இடம் நல்லதா என்று போனிலேயே தெரிந்துவிடும். "கொண்டு வாருங்கள், எதுவானாலும் சரி" என்று சொல்லும் இடத்தைவிட, "எத்தனை பை? ஆண்களுக்கா, பெண்களுக்கா? உள்ளே ரேஸர் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்கும் இடத்தையே நம்பலாம். கேட்கிறவர்களுக்குத் தங்களிடம் யார் வருகிறார்கள் என்று தெரியும். கேட்காத சில இடங்களில் பெட்டிகள் மாதக்கணக்கில் ஸ்டோர் ரூமில் கிடக்கும். டர்பனின் ஈரக்காற்றில் காகிதம் சுற்றிய சோப்பு வியர்த்துப்போய், அட்டைப்பெட்டி அடியில் இற்றுவிடும்.

நகர மையத்தில் வீடற்றவர்களுக்கு என்றால் எங்கள் முதல் தேர்வு டெனிஸ் ஹர்லி சென்டர். இம்மானுவேல் பேராலயத்தை ஒட்டி, விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், 2015இல் திறந்த கட்டடம். இனவெறி ஆட்சியை எதிர்த்த பேராயர் டெனிஸ் ஹர்லியின் பெயர் அதற்கு. கத்தோலிக்கர்கள் தொடங்கியதுதான், ஆனால் எல்லா மதத்தவரும் அங்கே வேலை செய்கிறார்கள். சாப்பாடு, கிளினிக், குளிக்கும் வசதி மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதுதான் பெரிய பலம். சோப்பு கொடுத்தால் அதைப் போட்டுக் குளிக்கத் தண்ணீரும் வேண்டுமே! தண்ணீர் இல்லாத இடத்தில் ஷாம்பு கொடுத்து என்ன பயன்?

தெருவில் இருப்பவர் தன் பொருளையெல்லாம் முதுகில் சுமக்கிறார் என்பதை நினைவில் வைத்துப் பையைக் கட்டுங்கள். 175 கிராம் குளியல் சோப்பு பொதுவாக நல்லது. இவருக்கு மட்டும் அதை இரண்டாக வெட்டி, மூடியுள்ள சோப்பு டப்பாவில் பாதியைப் போடுங்கள். நனைந்த முழு சோப்பு பையிலுள்ள எல்லாவற்றையும் நாசமாக்கிவிடும். 50 மில்லி பேஸ்ட், மூடி போட்ட பிரஷ், ஒரு ஃபேஸ் கிளாத், 50 மில்லி ரோல்-ஆன், சின்ன வாசலின், உள்ளாடை ஒன்று, காலுறை இரண்டு ஜோடி. டாய்லெட் பேப்பர் சுருளின் நடு அட்டையை உருவிவிட்டுத் தட்டையாக அமுக்கினால் பாதி இடம் மிச்சம். எல்லாவற்றையும் ஜிப் உள்ள பிளாஸ்டிக் பையில் போட்டு, அதைக் கயிறு இழுக்கும் துணிப்பையில் வையுங்கள். மவுத்வாஷ் வேண்டவே வேண்டாம். பலவற்றில் ஆல்கஹால் இருக்கிறது, போதை மறுவாழ்வு இல்லங்களிலும் வாங்க மாட்டார்கள். வாசனை சோப்போடு பிஸ்கெட்டை ஒரே பையில் அடைக்காதீர்கள். இரண்டே நாளில் பிஸ்கெட் சோப்பு மணக்கும், வாயில் வைக்க முடியாது.

இதைவிட நுணுக்கமாகச் செய்ய வேண்டியது துதுசெலா மையங்களுக்கான பை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்காக அரசு வழக்குத் தொடுப்புத் துறை ஆஸ்பத்திரிகளில் நடத்தும் மையங்கள் இவை. ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி ஆஸ்பத்திரியிலும் உம்லாசியில் பிரின்ஸ் ம்ஷியேனி ஆஸ்பத்திரியிலும் இருக்கின்றன. தடயப் பரிசோதனை முடியும்வரை அந்தப் பெண் குளிக்கக் கூடாது, முடிந்தபின்தான் பை கைக்கு வரும். அவர் உடுத்தி வந்த துணி சாட்சியமாகப் போய்விடலாம். அதனால் இந்தப் பையில் சோப்பைவிட முக்கியம் புது உள்ளாடை. பழையது, துவைத்தது எதுவும் கூடாது, விலைச்சீட்டோடு புதிதாக இருக்க வேண்டும். எஸ் முதல் எக்ஸ்எல் வரை அளவு பிரித்து, பையின் வெளியே பெரிய எழுத்தில் அளவை எழுதுங்கள். சிறுமிகளும் வருவார்கள், அவர்களுக்கு வயதை எழுதித் தனிப் பெட்டி, உள்ளே ஒரு சின்னத் துணிப் பொம்மை. டாம்பன் வேண்டாம், பேட் மட்டும். தூக்கலான சென்ட் உள்ள எதுவும் வேண்டாம். மெல்லிய டிராக்சூட் பேன்ட் ஒன்று சேர்த்தால் பெரிய உதவி.

ஒரு வேண்டுகோள்: இந்தப் பைகளோடு நேராக வார்டுக்குப் போய் நிற்காதீர்கள், போட்டோவும் எடுக்காதீர்கள். மையத்தின் சைட் கோ-ஆர்டினேட்டரிடம் போனில் பேசி நேரம் வாங்குங்கள். வன்முறைக்குத் தப்பிய பெண்கள் தங்கும் இல்லங்கள் பலவும் முகவரியை வெளியே சொல்வதில்லை. அவர்கள் வேறு ஒரு ஆபீஸில் சந்திக்கச் சொன்னால் அதைத் தப்பாக நினைக்கத் தேவையில்லை. அப்படிச் சொல்வது பொறுப்பான இல்லம் என்பதற்கு அடையாளம்.

வெள்ளம், தீ என்றால் கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ் என்ற நிவாரண அமைப்பு. டாக்டர் இம்தியாஸ் சூலிமான் 1992இல் தொடங்கி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தலைமையிடமாகக் கொண்டு நடப்பது. இவ்வளவு பெரிய அமைப்புக்கு நீங்கள் அழகாகக் கட்டிய பையைவிடப் பிரிக்காத மொத்தப் பெட்டிகளே வசதி. இடத்தைப் பார்த்து அவர்களே பிரித்துக்கொள்வார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் ஊரின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த நிலையில் வேண்டியது ஷாம்பு இல்லை. ஈரத் துடைப்பான், கை சானிடைசர், மூடியுள்ள வாளி, குழந்தை நாப்பி, பச்சை சன்லைட் சோப்புக் கட்டி, இவைதான்.

முதியோருக்கு என்றால் ஆரியன் பெனவலென்ட் ஹோம் டர்பன் இந்தியர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1921இல் தொடங்கியது, சாட்ஸ்வொர்த்தில் முதியோரையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறது. முதியோர் இல்லங்கள் எதற்கும் தனித்தனிப் பை தேவைப்படாது. பெரியவர்களுக்கான நாப்பி அளவுவாரியாக, தோல் வறட்சிக்கான 500 மில்லி அக்வியஸ் க்ரீம், மிருதுவான பிரஷ், இவை மொத்தமாகப் போதும். வயதான தோலை வாசனை சோப்பு வறட்டிவிடும்.

பள்ளி மாணவிகளுக்குப் பேட் மட்டும் கொடுக்க நினைப்பவர்கள், டிஸ்-கெம் மருந்துக்கடைகளின் அறக்கட்டளை நடத்தும் மில்லியன் கம்ஃபர்ட்ஸ் சேகரிப்பு நடக்கும்போது கடையிலேயே வாங்கிப் போட்டுவிடலாம். இருப்பதில் மிகச் சுலபமான வழி இது, ஆனால் எந்தப் பள்ளிக்குப் போகிறது என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது. குறிப்பிட்ட பள்ளிக்குத்தான் என்றால் வாழ்க்கைத் திறன் பாடம் எடுக்கும் ஆசிரியையிடம் பேசுங்கள். ஒரு மாணவிக்கு மாதம் எட்டுப் பேட் கொண்ட பாக்கெட் இரண்டு என்று கணக்கு வையுங்கள், ஒன்று போதாது. துவைத்துக் கட்டும் துணிப் பேட் வீட்டில் தண்ணீரும் காய வைக்க மறைவான இடமும் உள்ள பெண்ணுக்கு வருடக்கணக்கில் வரும். தெருவில் இருப்பவருக்குச் சுமைதான். 2019 ஏப்ரல் 1 முதல் பேட்டுக்கு வாட் வரி கிடையாது, சோப்புக்கும் பேஸ்ட்டுக்கும் உண்டு. பட்ஜெட் போடும்போது இதைப் பாருங்கள்.

எந்த இடமானாலும் என்பிஓ எண்ணை, அதாவது லாப நோக்கமற்ற அமைப்பின் பதிவு எண்ணைக் கேளுங்கள். சமூக மேம்பாட்டுத் துறையின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். வரி விலக்கு வேண்டுமென்றால் என்பிஓ எண் மட்டும் போதாது, வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் நன்கொடை ரசீது கொடுக்கும் அனுமதி அந்த அமைப்புக்குத் தனியாக வேண்டும். 2023 மார்ச் 1 முதல் அந்த ரசீதில் கொடுப்பவரின் அடையாள எண், வரி எண் எல்லாம் பதிய வேண்டும் என்பதால், கடை பில்களோடு இவற்றையும் எடுத்துப் போங்கள். பில் இல்லாத பொருளுக்கு மதிப்புப் போட யாரும் தயங்குவார்கள்.

எடுத்துச் செல்லும்போது ஒரு பெட்டியில் பன்னிரண்டு பைக்கு மேல் வேண்டாம். முழு அளவு சோப்பும் பேஸ்ட்டும் வைத்த பை முக்கால் கிலோவுக்குக் குறையாது, இருபது போட்டால் பெட்டியின் அடி பிய்ந்துவிடும். காலாவதித் தேதிக்குக் குறைந்தது ஆறு மாதம் இருக்கட்டும். ஜூலை 18 மண்டேலா நாளிலும், புரட்டாசியிலும், தீபாவளிக்கு முன்பும் எல்லாரும் ஒரே சமயத்தில் கொண்டுபோய்க் குவிப்போம். உங்கள் குழுவுக்கு வசதிப்பட்டால் பிப்ரவரியிலோ மேயிலோ போன் போட்டு, "இப்போது என்ன தீர்ந்திருக்கிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் உள்ளாடை என்றுதான் பதில் வரும்.