மாணவரின் விடை எந்த சர்வரில் இருக்கட்டும்? மூடுல், ஓப்பன் எட்எக்ஸ், எல்.டி.ஐ. ஒரு அலசல்

ஆன்லைன் வகுப்புக்குப் புதிதாக ஒரு பயிற்சியோ க்விஸோ எழுதக் கிளம்பும் குழுவில் முதல் சண்டை பெரும்பாலும் எந்த மொழியில் எழுதுவது, பி.எச்.பி.யா பைத்தானா என்றுதான் வரும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது: மாணவர் பாதி எழுதிய விடையும் மதிப்பெண்ணும் யாருடைய டேட்டாபேஸில் உட்காரப்போகின்றன?

2002-ல் மார்ட்டின் டூகியாமஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியிட்ட மூடுல் ஒரு எல்.எம்.எஸ்., அதாவது பாடம், தேர்வு, மதிப்பெண்ணை நிர்வகிக்கும் மென்பொருள். அதில் எல்லாமே ஒரே டேட்டாபேஸ். பயிற்சியை அதற்குள் பொருத்தும் ப்ளக்இன்னாக எழுதினால் லாகின், அனுமதி, மதிப்பெண் பட்டியல் எல்லாம் கையோடு கிடைக்கும். சிக்கல் தேர்வு நாளில் தெரியும். மூடுல் க்விஸ், விடையின் ஒவ்வொரு மாற்றத்தையும் தனி வரியாகப் பதிகிறது. இது போதாதென்று, செட்டிங்கை மாற்றாவிட்டால் நிமிடத்துக்கு ஒரு முறை ஆட்டோசேவ் வேறு. 500 பேர் விடாமல் எழுதினால் ஆட்டோசேவ் மட்டுமே நிமிடத்துக்கு 500 வரை வரும். பாடக்குறிப்பு படிக்க வந்தவரின் பக்கமும் அதே டேட்டாபேஸை நம்பியிருப்பதால் அதுவும் சேர்ந்து நகராது. யார் லாகின் செய்திருக்கிறார் என்ற செஷன் தகவலை ரெடிஸ் என்ற வேகமான நினைவகச் சேமிப்புக்கு மாற்றி, டேட்டாபேஸைத் தனி மெஷினில் வைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் 2012-ல் தொடங்கியது எட்எக்ஸ். அதன் மென்பொருளான ஓப்பன் எட்எக்ஸில் பயிற்சிக்குப் பெயர் எக்ஸ்பிளாக். டேபிள் எதுவும் உருவாக்க வேண்டாம். 'இந்த ஃபீல்டு மாணவருக்கு மாணவர் மாறும்' என்று அறிவித்தால் போதும், சேமிப்பதை அது பார்த்துக்கொள்ளும். அழகான யோசனை. ஆனால் விடைகள் ஜேசன் என்ற உரை வடிவில் மொத்தமாகப் போய் உட்காருவதால், மூன்றாவது ஆப்ஷனை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்று டேட்டாபேஸிடம் எஸ்.க்யூ.எல். மொழியில் கேட்பது பெரும்பாடு. போதாததற்கு மைஎஸ்க்யூஎல், மாங்கோ, ரெடிஸ், செலரி என்று துணை மென்பொருள்களின் ஒரு பட்டாளத்தையே ஓட்ட வேண்டும். 200 பேர் படிக்கும் கல்லூரிக்கு இது யானையைக் கட்டித் தீனி போடும் வேலை.

மூன்றாவது வழி எல்.டி.ஐ., வெளிக் கருவியை எல்.எம்.எஸ்.ஸோடு இணைப்பதற்கான பொது விதிமுறை. இதில் பயிற்சி உங்கள் சொந்த சர்வரில், உங்களுக்குப் பிடித்த மொழியில் ஓடும். 2019-ல் வந்த 1.3 பதிப்பில், வந்திருப்பது யார், மாணவரா ஆசிரியரா என்பதைக் கையெழுத்திட்ட டோக்கனாக எல்.எம்.எஸ். அனுப்பும், மதிப்பெண் மட்டும் திரும்பிப் போகும். ஒரே கருவி மூடுலிலும், கேன்வாஸ் என்ற இன்னொரு எல்.எம்.எஸ்.ஸிலும் வேலை செய்யும். தலைவலியும் உண்டு. எல்.எம்.எஸ். பக்கத்துக்குள்ளேயே ஒரு ஐஃப்ரேமாகத் திறந்தால் சஃபாரி பிரவுசர், லாகினை நினைவில் வைக்கும் குக்கீயைத் தடுத்துவிடும், லாகின் சுற்றிச் சுற்றி வரும். மதிப்பெண் அனுப்பும் நேரத்தில் எல்.எம்.எஸ். பராமரிப்பில் இருந்தால், 'முடிச்சிட்டேன் சார், மார்க் வரலை' என்று மாணவர் வந்து நிற்பார். அனுப்பத் தவறியதை வரிசையில் வைத்து மறுபடி அனுப்பும் ஏற்பாடு முதல் நாளிலேயே வேண்டும்.

ஒரே கல்லூரிக்கு என்றால் நான் யோசிக்காமல் மூடுல் ப்ளக்இன் பக்கம் போவேன். கருவியைப் பல நிறுவனங்களுக்குத் தருவதாக இருந்தால் எல்.டி.ஐ.தான் சரி. ஆனால் மாணவர் எழுதும் சி புரோகிராமை ஓட்டிப் பார்த்து மார்க் போட வேண்டும் என்றால்? மதிப்பெண் இருக்கும் அதே சர்வரில் அதை ஓட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. இதற்கு நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் உருவான கோட்ரன்னர் என்ற மூடுல் ப்ளக்இன் நல்ல நடுவழி: கேள்வியும் மதிப்பெண்ணும் மூடுல் க்விஸுக்குள்ளேயே இருக்கும், புரோகிராம் மட்டும் ஜோப் என்ற தனி சர்வரில் ஓடும். அந்த சர்வருக்கு மூடுலின் ஐ.பி.யிலிருந்து மட்டும் வழிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள்.