ஹைட் பார்க்கில் எதைப் பார்ப்பது: டயானா நீரூற்றா, ஜூலை 7 தூண்களா?

லண்டன் ஹைட் பார்க்கில் நடக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் டயானா நினைவு நீரூற்றைத்தான் தேடிப் போகிறார்கள். 2004இல் திறந்தது. கார்ன்வால் கிரானைட் துண்டுகள் 545ஐச் சேர்த்துச் செய்த நீள்வட்ட வாய்க்கால், மேட்டிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடி, ஒரு பக்கம் துள்ளிக் குதித்து, மறுபக்கம் சாந்தமாக நெளிந்து, கீழே ஒரு குளத்தில் சேர்ந்துவிடும். உட்கார்ந்து காலை நனைக்கலாம். குழந்தைகளோடு போனால் யோசிக்கவே வேண்டாம், இதுதான்.

ஆனால் என்னைக் கேட்டால் பார்க் லேன் ஓரமாக இருக்கிற ஜூலை 7 நினைவிடம்தான் பெரிய படைப்பு. 2005இல் ரயில்களிலும் பேருந்திலும் குண்டு வெடித்து இறந்த 52 பேருக்கு 52 எஃகுத் தூண்கள், ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர் உயரம். வெடித்த நான்கு இடங்களைக் குறித்து நான்கு கொத்துகளாக நிற்கின்றன. மணல் அச்சில் தனித்தனியாக வார்த்ததால் ஒரு தூணின் மேற்பரப்பு இன்னொன்றைப் போல இருக்காது, இறந்தவர்களைக் கூட்டமாக இல்லாமல் ஆள் ஆளாக நினைக்க வைப்பது இந்த ஒரு முடிவுதான் என்று நம்புகிறேன். சிலை இல்லை, முகம் இல்லை. அப்புறம், வேலி எதுவும் இல்லாததால் தூண்களுக்கு நடுவே நடந்து போகலாம், தொட்டும் பார்க்கலாம்.

அரை மணி நேரம்தான் இருக்கிறதென்றால் ஹைட் பார்க் கார்னர் ஸ்டேஷனில் இறங்கித் தூண்களுக்குப் போங்கள், பக்கம்தான்.