12 இன்ச் மர நன்சாக்: கட்டை நல்லா இருக்கு, செயின் தான் ரொம்ப நீளம்

நன்சாக்னா ரெண்டு கட்டைய செயின்லயோ கயித்துலயோ கோர்த்து சுத்தற தற்காப்பு ஆயுதம். கட்டைக்கு 4 ஸ்டார், செயினுக்கு 2, ஆவரேஜா 3 போட்டிருக்கேன். பிளையர் பிடிச்சு பழக்கம் இருக்கறவங்க தாராளமா வாங்கலாம், இல்லாதவங்க இதே விலைக்கு கயிறு கட்டினது வருது அத வாங்கிக்கோங்க, நிம்மதி.

மரம் நல்ல கனம், ரெண்டு கட்டையும் ஒரே எடை. எட்டுப்பட்டையா செதுக்கினது, அதனால கையில ஒரு பிடிமானம் இருக்கு. வார்னிஷ் மட்டும் ஓவரா அடிச்சு வச்சிருக்கான், கை வேர்த்தா வழுக்குது, உப்புத்தாள் போட்டு லேசா தேய்ச்சதும் சரியாயிடுச்சு.

இப்ப செயினுக்கு வரேன். பெட்டிய பிரிச்சப்பவே 15 கண்ணி இருந்துச்சு, ரெண்டு பக்க பேரிங்கும் (கட்டை முனையில செயின் முறுக்காம சுத்த விடற பாகம்) சேர்த்தா 6 இன்ச்சுக்கு மேல போகுது. இது யார் கைக்கு செஞ்சாங்கன்னே தெரியல. ஒகினாவா கொபுடோல, அதாவது ஜப்பானோட ஒகினாவா தீவுல வந்த ஆயுதக் கலையில, இதுக்கு ஒரு அளவு இருக்கு, உள்ளங்கைய விரிச்சு செயின குறுக்க போட்டா ரெண்டு கட்டையும் கையோட ரெண்டு பக்கமும் நேரா தொங்கணும், அவ்ளோதான். டேப் எல்லாம் வேணாம், அவங்கவங்க கை தான் அளவு. எனக்கு போட்டுப் பாத்தா கட்டை ரெண்டும் கைய விட்டு தள்ளி கீழ தொங்கிட்டு ஆடுது. சுத்தும்போது என்னாகும்னா அக்குள்ல பிடிக்கணும்னு நினைச்ச கட்டை லேட்டா வந்து முதுகுல போடும், தோள் மேல போட்டு பின்னாடி பிடிக்கறதுல முழங்கை எலும்புலயே வந்து விழும், அந்த வலி வாங்கினவனுக்கு தான் தெரியும். அதுக்குன்னு ரொம்ப குட்டையா வெட்டிட்டாலும் ஆபத்து, ரெண்டு கட்டைக்கும் நடுவுல விரல் நசுங்கும். விரல் மேல உருட்டி ஃப்ரீஸ்டைல் பண்ற பசங்க கொஞ்சம் நீளமா வச்சுக்கறாங்க, அது வேற கணக்கு. கட்டா (வரிசையா செய்யற பயிற்சி அசைவுகள்) பழகறவங்களுக்கு உள்ளங்கை அளவு தான் சரி.

விக்கறவன்ட்ட குட்டை செயின் இருக்கான்னு மெசேஜ் போட்டேன், "ஸ்டாண்டர்ட் சைஸ் சார்"னு ஒரு பதில். சரி நம்மளே பாத்துக்கலாம்னு உக்காந்தேன்.

மொதல்ல கண்ணிய வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. ஒரு இடத்துல முடி மாதிரி கோடு தெரிஞ்சா சும்மா வளைச்சு மூடினது, பிளையர்ல திறக்கலாம். கோடு இல்லாம ஒரு சின்ன புடைப்பு இருந்தா வெல்டிங், அது திறக்காது, வெட்டத்தான் முடியும். இதுல இருந்தது கோடு. வேலைக்கு ஈசி, ஆனா வெல்டிங் அளவுக்கு ஸ்ட்ராங் கிடையாது, செயினுக்கு நான் 2 ஸ்டார் குடுத்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

4 கண்ணி எடுக்க ரெண்டு கண்ணிய திறந்தா போதும். பேரிங் வளையத்துல மாட்டியிருக்கற முதல் கண்ணி ஒண்ணு, அஞ்சாவது கண்ணி ஒண்ணு. நடுவுல இருக்கறது அப்படியே கழண்டு வந்துடும், அஞ்சாவத வளையத்துல மாட்டி மூடிடலாம். ரெண்டு பிளையர் வேணும். ஒண்ணால கோட்டுக்கு இந்தப்பக்கம் பிடிச்சு இன்னொண்ணால அந்தப்பக்கம் பிடிச்சு ஒரு முனை முன்னாடி ஒரு முனை பின்னாடி போற மாதிரி முறுக்கணும், மூடறப்ப அதே வழியா திருப்பி முறுக்கணும். ரெண்டு பக்கமும் இழுத்து விரிச்சீங்கன்னா வளையம் ஷேப் போயிடும், அப்புறம் முனையும் முனையும் சேரவே சேராது. எத்தன கண்ணி எடுத்தா செயின் கோணிக்கும்னு எல்லாம் யோசிக்க வேணாம், பேரிங் தான் சுத்திக் குடுத்துடுதே.

மூடினப்புறம் தையல் நூல் ஒண்ண அந்த கண்ணிக்குள்ள விட்டு கோடு மேல இழுத்து இழுத்துப் பாத்தேன், நூல் சிக்கல. சிக்குச்சுன்னா இன்னும் இடுக்கு இருக்குன்னு அர்த்தம், திரும்ப மூடணும். அதுக்கப்புறம் ஒரு கட்டைய கால்ல மிதிச்சுக்கிட்டு இன்னொண்ண ரெண்டு கையாலயும் மேல இழுத்துப் பாருங்க. இது கழண்டா உங்களுக்கு இல்ல எதிர்ல நிக்கறவனுக்கு தான் ஆபத்து, அதனால கொஞ்ச நாளைக்கு மொட்டை மாடியில ஆள் இல்லாத நேரமா பாத்து சுத்துங்க, திறந்து மூடின கண்ணிய ஒவ்வொரு தடவையும் பாத்துட்டு எடுங்க. சிலர் திருகு போட்டு மூடற வளையம் மாட்டறாங்க, கழட்டி மாட்ட சுலபம் தான், ஆனா ஒரு பக்கம் கனம் கூடி பேலன்ஸ் போயிடும், சட்டையிலயும் மாட்டும்.

11 கண்ணியில இப்ப என் கைக்கு கச்சிதமா இருக்கு. கட்டை வர்ற நேரத்துக்கு கை போய் நிக்குது, இதே பொருளா இதுன்னு ஆயிடுச்சு. கயிறு மாடல்ல இந்த தலைவலியே இல்ல, முடிச்ச அவுத்து இழுத்து திரும்ப போட்டா நீளம் மாறிடும், நைலான்னா முனைய நெருப்புல காட்டி உருக்கிடணும். சத்தமும் வராது. கயிறு தேயும், மாத்திக்கிட்டே இருக்கணும், அது ஒண்ணு தான் குறை.

பிளேன்ல போறவங்க இத கைப்பையில வைக்காதீங்க, செக்கின்ல போடுங்க. கனடால இருக்கற சொந்தக்காரங்களுக்கு கிஃப்டா அனுப்பற ஐடியா இருந்தா விட்டுடுங்க, அங்க இது தடை பண்ண ஆயுதம்.

பேரிங் புதுசுல கறகறன்னு கத்தும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டா போயிடும், வீட்ல இருக்குன்னு தேங்காய் எண்ணெய் விட்டுடாதீங்க, தூசி ஏறி பிசுபிசுன்னு பிடிச்சுக்கும்.