ஜிம்மில் 'ஃப்ரீ பாடி அனலிசிஸ்' பார்த்த அன்றே பெர்சனல் ட்ரெயினிங்குக்குப் பணம் கட்டாதீர்கள்

வேளச்சேரி பக்கம் ஒரு ஜிம்மில் ஆறு மாதத்துக்குச் சேர்ந்தேன். முதல் நாள் அரை மணி நேரம் டிரெட்மில்லில் நடந்து, ஒரு பாட்டில் தண்ணீரும் குடித்திருந்தேன். "ஃப்ரீயா பாடி அனலிசிஸ் பண்ணிடலாம் மேடம்" என்று வியர்வையோடு அப்படியே மெஷினில் ஏற்றினார்கள்.

வந்த தாளில் ஓர் எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டு என் பக்கம் திருப்பினார் மேனேஜர். மெட்டபாலிக் ஏஜ், அதாவது மெஷின் கணக்குப்படி என் உடம்பின் வயது, 57. என் வயது 43. அப்பா சர்க்கரை நோயால் இறந்ததைச் சற்று முன்புதான் அவரிடம் சொல்லியிருந்தேன். "அப்பாவுக்கு வந்தது உங்களுக்கும் வரணுமா மேடம்?" என்றார். வயிற்றைப் பிசைந்தது. 36 செஷன் பெர்சனல் ட்ரெயினிங் 32,000 ரூபாய், இன்றைக்கு மட்டும் 27,000. அங்கேயே ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

அந்த மெஷின் உடம்புக்குள் லேசாக மின்சாரம் செலுத்தி, அதற்கு ஏற்படும் தடையை வைத்துக் கொழுப்பைக் கணக்குப் போடுகிறது. சாப்பாடு, தண்ணீர், வியர்வை எல்லாமே எண்ணை மாற்றிவிடும். உடற்பயிற்சி முடித்த கையோடு அதைப் பார்க்கவே கூடாது. சர்க்கரை பயம் இருந்தால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனைதான் பதில். பிறகு எடுத்தேன். 5.4, நார்மல். இதை முதலில் செய்திருக்க வேண்டும்.

முதலில் வந்த ட்ரெயினர் தங்கமான பிள்ளை, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மூன்றே வாரத்தில் வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவர் ஒரே நேரத்தில் மூன்று பேரைப் பார்த்தார். முட்டி வலி என்று சேரும்போதே சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை. மறுபடி சொன்னேன். "பழகிடும் அக்கா" என்று பெட்டி மேல் குதிக்க வைத்தார். மறுநாள் படி இறங்க முடியவில்லை. டாக்டர் ஆறு வாரம் ஓய்வு என்றார்.

சரி, அதுவரை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டேன். "மூணு மாசத்துல முடிக்கணும், ரீஃபண்ட் கிடையாது" என்றார்கள். பில்லைத் தேடி எடுத்தேன். 'ஃபிட்னஸ் பேக்கேஜ்' என்ற இரண்டே வார்த்தை. எத்தனை செஷன், எத்தனை மாதம், யார் ட்ரெயினர், எதுவும் இல்லை. பணம் திரும்பாது என்றும் அதில் இல்லை.

நீங்கள் கட்டுவதாக இருந்தால் இவ்வளவும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ட்ரெயினர் மாறினால் பணம் திரும்புமா என்பதையும் சேர்த்து. 'ஆஃபர் இன்றைக்கு மட்டும்' என்றால் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுங்கள். எனக்கு மறு வாரமும் அதே 27,000 ஆஃபர் மெசேஜ் வந்தது.

1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசிப் புகார் பதிந்தேன். பயன்படுத்தாத 24 செஷனுக்கு 18,000 ரூபாய் இன்னும் வரவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். அந்தச் சிவப்பு வட்டத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.