சி-90 கேசட்டின் பி பக்கம்: 25 வருடத்துக்கு மேல் கேட்ட பிறகு

1996 இல் ஹாஸ்டலில் பக்கத்து அறை சீனியர் அண்ணன் ஒருவர் எனக்கு ஒரு சி-90 கேசட்டில் இரண்டு ஆல்பம் பதிந்து கொடுத்தார். ஏ பக்கம் பிங்க் ஃபிளாய்டு என்ற ராக் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’. பி பக்கம் ஃப்ளீட்வுட் மேக் என்ற இன்னொரு குழுவின் ‘ரூமர்ஸ்’. சி-90 என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம். முதலாவது ஏறக்குறைய 43 நிமிடம், இரண்டாவது 40 நிமிடம், ஆக இரண்டுமே கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. பதிந்து தரச் சொல்லி நான் கேட்டது ஏ பக்கத்தை மட்டும்தான். மறுபக்கம் சும்மா கிடக்க வேண்டாமே என்று அவராகப் போட்டது மற்றது.

என்னிடம் இருந்த வாக்மேனில் ரீவைண்ட் போட்டால் பேட்டரி தீர்ந்துவிடும். பென்சிலை விட்டுச் சுற்றலாம், ஆனால் 45 நிமிட நாடாவைச் சுற்றி முடிப்பதற்குள் மணிக்கட்டு கழன்றுவிடும். மிச்சமிருந்த ஒரே வழி, ஏ பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டு பி பக்கத்தைக் கடைசிவரை ஓடவிடுவது. அது முடியும்போது ஏ பக்கம் ஆரம்பத்துக்கு வந்து நிற்கும். ஆக, பேட்டரி மிச்சம் பிடிக்கத்தான் நான் ரூமர்ஸ் கேட்டேன். ரசனை என்றெல்லாம் பீற்றிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

முதலில் டார்க் சைட். 1973, லண்டன் அபே ரோடு ஸ்டுடியோ. இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பிலேயே முடியும். ‘டைம்’ பாட்டில் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறும் இடம் இருக்கிறதே, ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு கடிகாரக் கடைக்குப் போய் ஒவ்வொன்றாகத் தனித்தனியே பதிந்து கொண்டுவந்தது அது. முதல் நாள் இருட்டில் ஹெட்போனோடு படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு வயதுக்கு அது பாட்டாகத் தெரியவில்லை, பெரிய தத்துவமாகத் தெரிந்தது. அதுவரை சினிமாப் பாட்டுக் கேசட் மட்டுமே கேட்டவனுக்கு, பாட்டுகளின் வரிசைக்கு ஒரு காரணம் இருக்கும் என்பதே புதுசு. நம் கேசட்டில் டூயட் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் யாருக்கு என்ன!

அப்புறம் எம்பி3 வந்தது. இந்த ஆல்பத்தில் பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து போகும், ஆனால் என் பிளேயர் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் அரை நொடி மௌனத்தைச் செருகியது. ஓடுகிற ரயிலில் பெட்டிக்குப் பெட்டி இறங்கி ஏறுகிற மாதிரி ஒரு அனுபவம். இப்போதைய செயலிகளில் இடைவெளி விடாமல் ஓட்டும் கேப்லெஸ் வசதி உண்டு, பிரச்சினை தீர்ந்தது. ஆனால் எனக்குத் தீராதது வேறு: இந்த ஆல்பம் விளக்கை அணைத்துவிட்டு 43 நிமிடம் முழுசாக உட்காரச் சொல்கிறது. வேலை, வீடு, பிள்ளைகள் என்றான பிறகு வருடத்துக்கு இரண்டு முறைதான் கட்டுப்படியாகிறது. காசு குலுங்குகிற ‘மணி’ வந்தால் தாண்டியும் போய்விடுகிறேன், ஏழு தட்டில் ஓடுகிற அதன் தாளம் அன்றைக்கு எவ்வளவு பெரிய அதிசயமாக இருந்தது.

தேயாமல் இருப்பது ஒன்றே ஒன்று, வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் குரல் கதறி அடங்கும் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’. பாடியவர் கிளேர் டாரி. அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது 30 பவுண்டு. 2004 இல் வழக்குப் போட்டார், மறுவருடம் சமரசமானது, இப்போது இசையமைப்பில் அவர் பெயரும் சேர்ந்து வருகிறது. தாமதம்தான், ஆனாலும் பெயரைப் பார்க்கும்போது ஒரு திருப்தி.

இனி பி பக்கம். ஆரம்பத்தில் மெத்துமெத்தென்று இருக்கிறதே என்று எரிச்சல்தான் வந்தது. ஆங்கிலம் பாதிதான் பிடிபட்டது, ஜாலியான காதல் பாட்டுகள் என்றே ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் 1976 இல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் இதைப் பதியத் தொடங்கியபோது அந்தக் குழுவில் ஒரு வீடும் உருப்படியாக இல்லை. ஜான் மெக்வீயும் கிறிஸ்டீன் மெக்வீயும் பிரிந்திருந்தார்கள், லிண்ட்சே பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் பிரிந்துகொண்டிருந்தார்கள், டிரம்ஸ் வாசிக்கும் மிக் ஃப்ளீட்வுட்டின் கல்யாணமும் ஆட்டம் கண்டிருந்தது. லிண்ட்சே ஸ்டீவியைத் திட்டி எழுதிய ‘கோ யுவர் ஓன் வே’யில் பின்குரல் பாடுவது அதே ஸ்டீவி. கிறிஸ்டீன் தன் புதுக் காதலரைப் பற்றி எழுதிய பாட்டுக்கு பேஸ் கிட்டார் வாசிப்பது பிரிந்த கணவர் ஜான். நம்மூரில் என்றால் பஞ்சாயத்துக்கு நாலு பேர் வந்திருப்பார்கள், இவர்கள் ஆல்பம் போட்டார்கள்.

இந்தக் கதை தெரிந்த புதிதில் நானும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆனால் கிசுகிசு இரண்டு வருடத்தில் அலுத்துவிடுகிறது. இத்தனை வருடம் என்னை இழுத்துப் பிடித்தது ஜானும் மிக்கும், பேஸும் டிரம்ஸும்தான். ‘ட்ரீம்ஸ்’ கிட்டத்தட்ட இரண்டே கார்டில், அதாவது இரண்டே சுரக்கூட்டில், சுற்றிச் சுற்றி வருகிற பாட்டு. வேறு யார் வாசித்திருந்தாலும் தூங்கியிருப்போம், இங்கே அந்த டிரம்ஸ் ஒரு இம்மி அவசரப்படாமல் நடந்து போகிறது. 2020 இல் ஒருவர் ஸ்கேட்போர்டில் போய்க்கொண்டே ஜூஸ் குடித்த டிக்டாக் வீடியோவால் இந்தப் பாட்டு மறுபடியும் ஊர் சுற்றியது. அக்கா மகள் போனை நீட்டி, “மாமா, இந்தப் புதுப் பாட்டு கேட்டீங்களா?” என்றாள். கேட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

‘தி செயின்’ இந்த ஆல்பத்தில் ஐந்து பேர் பெயரிலும் இருக்கும் ஒரே பாட்டு, வெவ்வேறு துண்டுகளை ஒட்டிச் செய்தது. மூன்று நிமிடம் போல ஓடியதும் எல்லாம் அடங்கி, பேஸ் மட்டும் தனியாக எழுந்து வரும். என் கேசட்டில் மிகச் சரியாக அந்த இடத்தில் நாடா ரோலரில் சிக்கிக் கசங்கியது. நகத்தால் நீவி, திரும்ப உள்ளே சுற்றி ஓடவிட்டேன். அதற்கப்புறம் அந்த பேஸின் இரண்டாவது சுரம் எப்போதும் தண்ணீருக்குள் ஒரு முறை முங்கி எழுந்துதான் வரும். பின்னால் சிடி வாங்கியபோது அது முங்கவில்லை, எனக்கோ எதையோ வெட்டிவிட்டார்கள் என்று தோன்றியது. ரூமர்ஸின் அசல் பதிவு நாடாவே மறுபடி மறுபடி ஓட்டியதில் தேய்ந்து, டிரம்ஸின் கூர்மை மங்கி, பத்திரமாக வைத்திருந்த பிரதியோடு மற்ற பதிவுகளைக் காதால் கேட்டுக் கேட்டுப் பொருத்தினார்கள் என்று படித்தபோது கொஞ்சம் ஆறுதல்.

நான் கேட்ட மற்ற ராக் ஆல்பங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ (1985), புது ஹெட்போன் வாங்கினால் சோதித்துப் பார்க்க முதலில் போடுவது இதைத்தான், சோதனை முடிந்ததும் நிறுத்திவிடுவதும் இதைத்தான். அவ்வளவு சுத்தம், கையைக் கழுவிக்கொண்டு தொட வேண்டும் போல. ரேடியோஹெட்டின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ (1997) பெரிய வேலைதான், மறுக்க மாட்டேன். கடைசியாக எப்போது போட்டேன் என்று ஞாபகமில்லை. அதே வருடம் ஓயாசிஸின் ‘பீ ஹியர் நவ்’. 70 நிமிடத்துக்கு மேல்! சிடியில் இடம் இருக்கிறது என்பதற்காக இப்படியா நிரப்புவது, கிட்டார் மேல் கிட்டார், அதன் மேல் இன்னொரு கிட்டார். கேசட்டில் ஒரு பக்கத்துக்குள் அடங்காத ஆல்பத்தின் மேல் எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு, நியாயமில்லைதான்.

நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ (1991) சிடியைப் போட்டுவிட்டு ஒருநாள் தூங்கிப்போனேன். கடைசிப் பாட்டுக்குப் பிறகு சுமார் 10 நிமிட மௌனம், அப்புறம் அட்டையில் பெயரே இல்லாத ஒரு பாட்டு வெறிபிடித்துக் கத்துகிறது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அவரிடம் மறைபாட்டு என்றால் என்னவென்று எப்படி விளக்குவது?

சரி, கேசட்டுக்கு வருகிறேன். ரூமர்ஸ் முடிந்தும் பி பக்கத்தில் ஐந்து நிமிடம் போல மிச்சமிருந்ததால் அந்த அண்ணன் அதில் மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ஐப் போட்டிருந்தார். அது வந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸுக்கு அந்தப் பாட்டின் முன்னிசை ரொம்ப நீளம் என்று குறை, அதுதான் தன்னை ஆட வைக்கிறது என்று ஜாக்சன் விடவில்லை. அந்த நீளத்தால்தானோ என்னவோ, நாலு நிமிடம் ஓடியதும் என் நாடா தீர்ந்து ‘டக்’கென்று பட்டன் எகிறிவிடும். இப்போது செயலியில் ‘கோல்ட் டஸ்ட் வுமன்’ முடிந்ததும் அது பாட்டுக்கு எதையாவது எடுத்து ஓட்டுகிறது, என் காதோ அந்த டிரம்ஸுக்குக் காத்திருக்கிறது. அதற்காகவே ரூமர்ஸுக்குப் பின்னால் பில்லி ஜீனைச் சேர்த்து ஒரு பட்டியல் செய்து வைத்திருக்கிறேன். முழுப் பாட்டையும் முதல்முறை கேட்டது 2003 வாக்கில். கடைசி ஒரு நிமிடம் கொஞ்சம் இழுவை.